கம்பெனி கலைக்கப்படும்போது இயக்குநரின் சொத்து முடக்கம்: ஓர் எளிய விளக்கம்

கொங்கு நாட்டில் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் பெரும்பாலானவை குடும்பக் கம்பெனிகள். திருப்பூர் பனியன் கம்பெனியானாலும், கோவை பம்ப்செட் தொழிற்சாலையானாலும், கரூர் ஜவுளி ஏற்றுமதி நிறுவனமானாலும், தனி முதலாளி பெயரில் தொடங்கி, ஆர்டரும் வங்கிக் கடன் வரம்பும் பெருகிய பிறகு ஆடிட்டர் சொற்படி லிமிடெட் ஆக்கப்பட்டவை அவற்றில் ஏராளம். கணவனும் மனைவியும் இயக்குநர்களாக இருப்பார்கள். சில இடங்களில் அண்ணன் தம்பியும் மச்சினனும் சேர்ந்திருப்பார்கள். அப்படி ஒரு கம்பெனி கடன் தாங்காமல் கலைப்புக்குப் போகும் நிலை வரும்போது இயக்குநர் தம் வக்கீலிடம் முதலில் கேட்பது இதுதான்: "கம்பெனி லிமிடெட்டுத்தானுங்களே, எங்க தோட்டத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" அதே வாரத்தில் இன்னொரு வக்கீலின் அறையில், சரக்கு கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கும் நூல் வியாபாரி இதற்கு நேர்மாறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்: "கம்பெனி பேர்ல ஒண்ணுமே இல்லைங்கறாங்க. ஆனா அவிநாசி ரோட்டுல வீடு இருக்குதுங்களே, அதைய விக்காம நிறுத்தி வெக்க முடியாதுங்களா?"

முதலாமவர் தம் சொத்தை யாராலும் தொட முடியாது என்று நம்புகிறார். இரண்டாமவர் உடனே தொட்டுவிடலாம் என்று நம்புகிறார். சட்டம் இருவர் நினைப்பதற்கும் நடுவில் நிற்கிறது, அது நிற்கும் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது இருவருக்குமே நல்லது.

கம்பெனி என்பது அதன் உரிமையாளர்களிடமிருந்து வேறான ஒரு சட்ட நபர் என்னும் கொள்கையை, 1897-இல் தோல் காலணி வியாபாரி ஒருவரின் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிப்படுத்தியது. கம்பெனியின் கடனைக் கம்பெனிதான் அடைக்க வேண்டும். பங்குதாரர் தாம் போட்ட பங்குத் தொகையோடு தப்பித்துக்கொள்ளலாம். இந்தியாவிலும் இதுவே சட்டம். ஆகவே ஒரு கம்பெனி நொடித்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இயக்குநரின் வீட்டையோ தோட்டத்தையோ யாரும் முடக்க முடியாது. தொழில் நட்டமடைவது குற்றம் ஆகாது. டாலர் மதிப்பு இறங்கியதாலும், வெளிநாட்டு வியாபாரி சரக்கைத் திருப்பிவிட்டதாலும், நூல் விலை ஏறியதாலும் விழுந்த கம்பெனிகள் இங்கே உண்டு. அவற்றின் இயக்குநர்களை ஏமாற்றுக்காரர்களாகப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கலைப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் திவால் மற்றும் நொடிப்புச் சட்டத்தின்படி, 1 கோடி ரூபாய்க்குக் குறையாத பாக்கி நிற்கும் கம்பெனி மீது, கடன் கொடுத்த வங்கியோ சரக்குக் கொடுத்தவரோ தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். கொங்குப் பகுதிக் கம்பெனிகளுக்கான பதிவாளர் அலுவலகம் கோவையில் இருந்தாலும், வழக்கு நடப்பது தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில்தான். மனு ஏற்கப்பட்டதும் நிர்வாகம் இயக்குநர்கள் கையிலிருந்து போய்விடுகிறது. கம்பெனியை எடுத்து நடத்த ஏற்கத்தக்க ஆள் கிடைக்காவிட்டால் தீர்ப்பாயம் கலைப்பு ஆணை பிறப்பித்து, கலைப்பாளர் ஒருவரை நியமிக்கிறது. கம்பெனியின் சொத்துகளை ஒன்று திரட்டி, விற்று, சட்டம் சொல்லும் வரிசையில் பங்கிட்டுக் கொடுப்பது அவர் வேலை.

கலைப்பாளர் திரட்டும் சொத்துத் தொகுப்பில் எது சேராது என்பதைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. தொழிலாளர்களின் வருங்கால வைப்புநிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவை சேரா. பங்குதாரரின் சொந்தச் சொத்தும் சேராது. ஆனால் அந்தச் சொத்து, செல்லாது என்று ஒதுக்கத்தக்க பரிவர்த்தனையின் வழியாக அவர் கைக்கு வந்ததாக இருக்கக் கூடாது. குடும்பக் கம்பெனியில் இயக்குநரே பங்குதாரராகவும் இருப்பதால் இந்த நிபந்தனையைக் கவனமாகப் படிக்க வேண்டும். கம்பெனியின் பணம் சுற்றி வளைத்து வீட்டுக்குள் வந்திருந்தால், அந்த அளவுக்கு அதைச் சொந்தச் சொத்து என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இனி முடக்கத்துக்கு வருவோம். முடக்கம் என்பது பறிமுதலும் அல்ல, ஏலமும் அல்ல. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு முடிவு வரும் வரை, குறிப்பிட்ட சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாக எழுதிக் கொடுக்கவோ, வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது என்று போடப்படும் இடைக்காலத் தடை அது. தண்ணீர் எந்த வயலுக்கு உரியது என்ற வழக்கு முடியும் வரை வாய்க்கால் மடையை அடைத்து வைப்பதைப் போன்றது. சொத்து அவர் பெயரிலேயே இருக்கும், வீட்டில் அவரே குடியிருப்பார், தென்னந்தோப்புக்கு அவரே தண்ணீர் பாய்ச்சுவார். கைமாற்றம் மட்டும் நடக்காது.

இந்தத் தடை ஏன் தேவைப்படுகிறது? கலைப்பு மெதுவாக நடக்கும் காரியம். கணக்குகளை அலசி, தவறான பரிவர்த்தனையைக் கண்டுபிடித்து, மனுப்போட்டு, விசாரணை முடிந்து, 'இந்த இயக்குநர் இவ்வளவு தொகை தர வேண்டும்' என்று உத்தரவு வருவதற்குள் ஆண்டுகள் உருண்டுவிடுகின்றன. அதற்குள் வீடு விற்கப்பட்டு, நிலம் மருமகன் பெயருக்கு மாறி, வங்கிக் கணக்கு வழித்து எடுக்கப்பட்டுவிட்டால், ஜெயித்தவர் கையில் இருப்பது வெறும் காகிதம். இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1975-இல் 'மரீவா' என்னும் வழக்கின் வழியாக இத்தகைய தடையாணையை நிலைநிறுத்தின. இந்திய வக்கீல்களும் அந்தப் பெயரை இன்றும் சொல்வதுண்டு. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலோ அதற்கு வெகு காலம் முன்பிருந்தே, தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்வதற்கு 38-ஆம் கட்டளையின் 5-ஆம் விதி இருக்கிறது.

எந்தச் சொத்தை முடக்கலாம், எதை முடக்கக் கூடாது என்பது பெயர்ப் பட்டியலில் தெளிவாகாது, கணக்கில்தான் தெளிவாகும். ஆகவே ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் ஒரு பின்னலாடைக் கம்பெனி; வங்கிக் கடன் 18 கோடி; கலைப்பு ஆணை வந்துவிட்டது. கலைப்பாளர் கம்பெனியின் கணினிக் கணக்கான டேலியையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி வாரியாகப் பார்க்கிறார்.

திவால் நடவடிக்கை தொடங்குவதற்கு 14 மாதங்களுக்கு முன், இயக்குநரின் மச்சினன் நடத்தும் சாயப்பட்டறைக்கு நின்றிருந்த 2 கோடி ரூபாய் பாக்கி ஒரே மாதத்தில் தீர்க்கப்பட்டிருக்கிறது. அதே மாதத்தில் நூல் மில்லுக்கும் மற்ற ஜாப் ஒர்க்காரர்களுக்கும் ஒரு பைசாகூடப் போகவில்லை. பாக்கி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனாலும் ஒருவருக்கு மட்டும் முந்தி கொடுத்ததால் மற்றவர்களின் பங்கு குறைந்துவிட்டது. இதைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு முன்னுரிமைப் பரிவர்த்தனை என்கிறது. கொடுக்கப்பட்டவர் கம்பெனிக்கு வேண்டப்பட்டவராக இருந்தால் 2 ஆண்டும், வெளியாளாக இருந்தால் 1 ஆண்டும் பின்னோக்கிப் பார்க்கலாம். வழக்கமான வியாபாரப் போக்கில் மாதாமாதம் கொடுத்து வந்த தொகைதான் அது என்று மச்சினன் காட்டிவிட்டால் தப்பிக்கலாம்; மற்றவர்கள் எல்லாம் காத்திருக்க, ஒரே மூச்சில் தீர்க்கப்பட்ட 2 கோடிக்கு அதைக் காட்டுவது கடினம்.

அடுத்த பதிவில், சுமார் 90 லட்சம் பெறும் பன்னிரண்டு நிட்டிங் மெஷின்கள் மகன் புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு 20 லட்சத்துக்கு விற்கப்பட்டிருக்கின்றன. இது 45-ஆம் பிரிவின் கீழ் வரும் குறைமதிப்புப் பரிவர்த்தனை. மெஷின்கள் அந்தக் கொட்டகையிலேயே ஓடிக்கொண்டிருந்தால், முதலில் அவற்றை அங்கிருந்து நகர்த்தக் கூடாது என்றுதான் கலைப்பாளர் தடை கேட்பார்.

மூன்றாவது பதிவு இவை இரண்டையும்விடக் கனமானது. கம்பெனியின் கடன் கணக்கிலிருந்து 60 லட்சம் ரூபாய் 'நூல் கொள்முதல்' என்று எழுதி எடுக்கப்பட்டு, நான்கே நாளில் காங்கேயம் பக்கம் இயக்குநரின் மனைவி பெயரில் ஒரு கிரயப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. நூல் வந்ததற்கு இன்வாய்ஸும் இல்லை, சரக்கு வண்டியில் வந்ததைக் காட்டும் இ-வே பில்லும் இல்லை. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு கம்பெனியை நடத்தியவர்கள், தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிட 66-ஆம் பிரிவு வழி வைக்கிறது. காங்கேயம் நிலத்தின் மீது இடைக்காலத் தடை வருவதற்கு எல்லாக் காரணங்களும் இங்கே இருக்கின்றன.

இயக்குநருக்குத் தகப்பன் வழியில் வந்த நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு ஒன்று பொங்கலூர் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கம்பெனியின் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. அதை முடக்க வேண்டுமானால் பணத்தின் தடத்தைக் காட்டிப் பயனில்லை. இயக்குநர் தாமே பெருந்தொகை கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று முதல் நோக்கிலேயே தெரிய வேண்டும், தோப்பை விற்றுத் தீர்க்க அவர் முயல்கிறார் என்பதற்கும் அடையாளம் வேண்டும். அது பங்காளிகளோடு பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தாக இருந்தால், இந்தக் கடனோடு தொடர்பில்லாத பங்காளியின் பாகத்தின் மீது கை வைக்க முடியாது. புரோக்கர் கொடுத்த விளம்பரம், முன்பணம் வாங்கிய கிரய ஒப்பந்தம், மகளுக்கு அவசரமாக எழுதிய தானப் பத்திரம் போன்றவைதான் இங்கே சாட்சியாகின்றன. 'அவர் விற்றுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது' என்று மனுவில் எழுதினால் தீர்ப்பாயம் ஏற்காது.

திவால் சட்டத்தில் 'இயக்குநரின் சொந்தச் சொத்தை முடக்கலாம்' என்று நேராகச் சொல்லும் தனிப்பிரிவு இல்லை. 60-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு தரும் விரிந்த அதிகாரத்தையும், தீர்ப்பாய விதிகளில் 11-ஆம் விதி காக்கும் உள்ளார்ந்த அதிகாரத்தையும் துணைகொண்டுதான் கலைப்பாளர் இடைக்காலத் தடை கேட்கிறார். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் வேறு வழிகளும் உண்டு. கம்பெனி பொதுநலனுக்கு எதிராக நடத்தப்பட்டது என்று மத்திய அரசே 241-ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்தால், 242-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் இடைக்கால ஆணை போடலாம். ஏமாற்றி வியாபாரம் நடத்தியவர்களை வரம்பின்றித் தனிப்பட்ட பொறுப்பாளிகளாக ஆக்குவது 339-ஆம் பிரிவு. கலைப்பு ஆணைக்கு முன்னரோ பின்னரோ, சொத்தை மறைத்துவிட்டு ஓடப் பார்ப்பவரின் கணக்குப் புத்தகங்களையும் அசையும் சொத்தையும் கைப்பற்றி வைக்க 301-ஆம் பிரிவு இடம் தருகிறது.

கொங்கு நாட்டுக் குடும்பங்களை நடைமுறையில் அதிகம் பாதிப்பது இந்தப் பிரிவுகள் எதுவும் அல்ல, ஜாமீன் கையெழுத்துதான். வங்கிக் கடன் வாங்கும்போது ஏறக்குறைய எல்லா இயக்குநர்களும், சில வேளைகளில் இயக்குநராக இல்லாத தாயாரும்கூட, தனிநபர் உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு 'கம்பெனி வேறு, நான் வேறு' என்ற வாதம் வங்கியிடம் எடுபடாது. ஏமாற்று எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. கம்பெனி கொடுக்காததைக் கையெழுத்திட்டவர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடமானம் வைத்த வீட்டை, 60 நாள் நோட்டீசுக்குப் பிறகு வங்கிகள் ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வழி தரும் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி நேரே எடுத்துக்கொள்ளலாம். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. ஆனால் கோவையில் இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வங்கி வழக்குப் போட்டால், கடனாளியும் ஜாமீன்தாரரும் அனுமதியின்றி எந்தச் சொத்தையும் கைமாற்றக் கூடாது என்று அங்கே இடைக்கால ஆணை பெற முடியும். ஜாமீன்தாரர் மீதே தனியாகத் திவால் மனுச் செய்யும் பிரிவுகள் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று கூறியது. அந்த மனு அனுமதிக்கப்பட்டுவிட்டால், 101-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரர் தம் சொத்து எதையும் விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது. தனியாக யாரும் தடை கேட்க வேண்டியதே இல்லை.

பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய கம்பெனியாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் சொத்து போதாதபோது அதன் இயக்குநர்கள், பங்குதாரர்கள், மேலாளர்கள் ஆகியோரின் சொத்துகளையும் அரசே இடைக்கால ஜப்தி செய்யலாம். தவறான எண்ணத்தோடு சொத்தை வாங்கிக்கொண்டவர்களிடமும் அது தொடரும். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைகள் சரிந்தபோது இந்தச் சட்டத்தின் பெயர் ஈரோட்டுக் கிராமங்களில்கூடத் தெரிந்த பெயராயிற்று. அவ்வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் கோவையில் இருக்கிறது. இது கலைப்பு நடவடிக்கையைச் சேர்ந்தது அன்று. ஆனால் ஒரே கம்பெனி மீது இரண்டும் நடக்கக்கூடும்.

இவ்வளவு அதிகாரம் இருப்பதால்தான் நீதிமன்றங்கள் கடிவாளமும் போட்டிருக்கின்றன. தீர்ப்புக்கு முன் ஜப்தி என்பது கடுமையான, அசாதாரணமான அதிகாரம். ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ள வாதி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ராமன் டெக் வழக்கில் 2007-08 காலத்தில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2018-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்தபோது, அதில் குற்றம் சாட்டப்பட்ட வைர நிறுவனங்கள் மீது மத்திய அரசு போட்ட மனுவில் அந்த வங்கியின் முன்னாள் மேலாண்மை இயக்குநரின் சொத்துகளும் முடக்கப்பட்டன. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த முடக்கத்தை ரத்து செய்தது. 339-ஆம் பிரிவு, எந்தக் கம்பெனியின் வியாபாரம் ஏமாற்றி நடத்தப்பட்டதோ அதை நடத்தியவர்களுக்கு எதிரானது. இன்னொரு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் மீது அதைச் செலுத்த முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். புதிதாகச் சட்டம் படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். யாருடைய சொத்து என்பதற்கு முன், எந்தக் கம்பெனியில் அவர் என்ன செய்தார் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பெயரளவில் இயக்குநர்களாக இருக்கும் பெண்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். 'போடச் சொன்னாங்க, போட்டேனுங்க' என்று சொல்லும் மனைவியோ தாயாரோ இல்லாத கம்பெனி நம் பகுதியில் அரிது. ஏமாற்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்க, அவர் தெரிந்தே அதில் பங்கெடுத்தார் என்று காட்ட வேண்டும். அந்த அளவில் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கம்பெனி மீள வழியில்லை என்று தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், கடன்காரர்களின் இழப்பைக் குறைக்கத் தக்க அக்கறை காட்டாத இயக்குநரையும் 66-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு விடுவதில்லை. 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே முழுப் பதில் ஆகாது. மேலும் அவர் பெயரில் வாங்கிய காங்கேயம் நிலம் எப்படியும் முடக்கத்துக்குள் வரும். வீட்டுப் பெண்களிடம் பேலன்ஸ் ஷீட்டைக் காட்டாமல் கையெழுத்து வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முடக்க ஆணை வந்த பிறகு என்ன நடக்கிறது? ஆணையின் நகல் வங்கிக்குப் போகும். கணக்கிலிருந்து பணம் எடுப்பது நின்றுவிடும், வரவு மட்டும் ஏறும். டீமேட் கணக்கில் இருக்கும் பங்குகளை விற்க முடியாது. நிலமாக இருந்தால் ஆணை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பப்படும்; அது பதிவில் ஏறிவிட்டால், பின்னர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பவர் விலகிவிடுவார். எதிர்த்தரப்பைக் கேட்காமலே முதல் ஆணை வரலாம், ஏனென்றால் முன்கூட்டித் தெரிவித்தால் சொத்து பறந்துவிடும். அப்படி வந்த ஆணையை எதிர்த்து இயக்குநர் உடனே பதில் மனுத் தாக்கல் செய்யலாம். குடும்பச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் குறிப்பிட்ட தொகை எடுக்க அனுமதி கேட்கலாம். வேறு ஈடு கொடுத்துச் சொத்தை விடுவித்துக்கொள்ளவும் கேட்கலாம். திவால் சட்டத்தின் கீழ் வந்த ஆணையாக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஆணையை மீறி விற்றால் அது நீதிமன்ற அவமதிப்பாகும்.

உரிமையியல் நீதிமன்ற ஜப்தியில் சில பொருள்களை யாரும் தொட முடியாது என்று நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர்க்கருவிகளும் மாடுகளும் விதைத் தானியமும், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவை அதில் அடங்கும். கழுத்திலிருக்கும் தாலியை யாரும் கேட்க முடியாது. லாக்கரில் இருக்கும் நூறு பவுனைக் கேட்கலாம்.

முடக்கப்பட்ட சொத்து என்னவாகும் என்பது விசாரணையின் முடிவைப் பொறுத்தது. குற்றச்சாட்டு நிற்கவில்லை என்றால் தடை நீங்கிவிடும். மச்சினனுக்குப் போன 2 கோடியும், மெஷின்களும், காங்கேயம் நிலத்தின் மதிப்பும் திரும்ப வர வேண்டும் என்று உத்தரவானால், அவை கலைப்பாளரின் கைக்கு வந்து, 53-ஆம் பிரிவின் வரிசைப்படி பங்கிடப்படும். முதலில் கலைப்புச் செலவு. அடுத்து, கலைப்பு ஆணைக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கியும், தம் ஈட்டைத் தொகுப்பிலேயே விட்டுக்கொடுத்த ஈடுள்ள கடன்காரர்களின் தொகையும் சமமான இடத்தில் நிற்கும். நூல் கொடுத்த வியாபாரியும் ஜாப் ஒர்க்காரரும் அந்த வரிசையில் வெகு பின்னால்தான் இருக்கிறார்கள். ஆகையால் ஒரு தடை வாங்கிவிட்டதாலேயே தம் பணம் வந்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போடக் கூடாது. அந்தக் கம்பெனியில் துணி தைத்த டைலருக்கும் அயர்ன் மாஸ்டருக்கும் நிற்கும் சம்பளப் பாக்கி முன்வரிசையில் வந்துவிடும், அவர்களின் பி.எஃப். பணமோ தொடக்கத்திலிருந்தே யாருடைய பங்கிலும் சேராமல் தனியே நிற்கும்.